மிக்ஸி ஓடிய நேரம்

சிவப்பு விளக்கு எரிகிறது, பதிவாகிறது, இனி நாற்பது நிமிடம் நான் அசையக் கூடாது, கழுத்தைச் சொறியக் கூடாது, எச்சிலைக்கூட மெதுவாகத்தான் விழுங்க வேண்டும், ஏனென்றால் நான் விழுங்கும் எச்சில் நாளைக்கு யாருக்காவது ஒரு வார்த்தையாகக் கேட்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டேன். ஜன்னலைச் சாத்திவிட்டேன். கூடத்துக் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினேன், ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன், இரண்டு பேருடைய செல்போனையும் அணைத்துக் குளியலறை வாளிக்குள் போட்டு வைத்தேன். கட்டிலின் நடுவில் மடித்த துண்டு, துண்டின் மேல் என் ரெக்கார்டர், சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் வத்சலா அம்மா, இந்தப் பக்கம் ஸ்டூலில் நான். வில்லிவாக்கம், ஹவுசிங் போர்டு குடியிருப்பு, இரண்டாவது மாடி, ஏப்ரல் மாதம், மதியம் பன்னிரண்டேகால். இந்த வேலையை யாரும் இந்த நேரத்தில் செய்வதில்லை. பேய் வீடுகளைப் படம்பிடித்து இணையத்தில் போடுகிற யுவராஜ், என்னை இதற்குள் இழுத்து வந்தவன், கேட்டதுமே முகத்தைச் சுளித்தான். "பகல்லயாண்ணே? எவன் பாப்பான்?" என்றான். ஆனால் இந்த அம்மாவின் கணவர் கோதண்டபாணி செத்துப்போனது பட்டப்பகலில். டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டே முக்காலுக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவில், இதே கட்டிலில், சுவரோரமாக. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அப்போது வத்சலா அம்மா சமையலறையில் மோர்க்குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். படம் கிடம் எதுவும் வேண்டாம், அதே நேரத்தில் வந்து அவர் குரல் விழுகிறதா என்று மட்டும் பதிவு செய்து பாருங்கள் என்று போனில் சொன்னார், இந்த அம்மாவின் குரலிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, யுவராஜை விட்டுவிட்டுத் தனியாக வந்திருக்கிறேன்.

அப்படியொரு குரல். முப்பத்தேழு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர், அதில் முதல் பதினைந்து வருடம் வெளியூர் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்தவர், அறுபத்து மூன்று வயதிலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழுகிறது. நான் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார், "கேக்கறதும் ஒரு வேலைதான் தம்பி. அந்தக் காலத்துல கட்டாக்லேருந்து ஒருத்தர் கத்துவார். அங்க புயல். லைன் முழுக்க எண்ணெய்ல அப்பளம் பொரியற சத்தம். அதுக்குள்ள ஒரு மனுஷக் குரல் இருக்கும். சத்தத்தை ஒதுக்கிட்டு அத மட்டும் எடுக்கணும். எனக்கு அது வரும்." நான் விதிமுறையைச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்க வேண்டும், அரை நிமிடம் காத்திருக்க வேண்டும், அந்த அரை நிமிடத்தில்தான் பதில் வரும் என்பார்கள், நம் காதில் விழாதது கருவியில் விழும் என்பார்கள். "யாரு சொல்வாங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, விலாசம் விசாரிக்கிற மாதிரி கேட்டார். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டேன். இப்போது முதல் கேள்வியைக் கேட்கிறார். "என்னங்க, இங்க இருக்கீங்களா?" அரை நிமிடம். அவர் பார்வை கட்டிலில் இல்லை, ரெக்கார்டரிலும் இல்லை, தரையில் எங்கேயோ இருக்கிறது. காது கொடுத்துக் கேட்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள், டப்பிங் தியேட்டரில் பழைய ஆட்களிடம் பார்த்திருக்கிறேன், கண்ணை எதிலும் நிறுத்த மாட்டார்கள்.

எனக்கு என்ன கேட்கிறது? என் இடது காதில் ஓயாமல் ஓடுகிற விசில் கேட்கிறது. கீழ்வீட்டுக் குக்கர் ஒரு தடவை சத்தம் போட்டது. அதற்குப் பிறகு காதுக்குள் அந்த விசில்தான். இருபத்தாறு வருடம் சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் சவுண்ட் இன்ஜினீயராக இருந்தேன், குண்டு வெடிப்பதும் கார் மோதுவதும் நாள் முழுக்கக் காதுக்குள் வெடித்து வெடித்து, ஒருநாள் வீட்டுக்கு வந்து படுத்தால் விசில். நாளைக்குப் போய்விடும் என்று நினைத்தேன். ஆறு வருடம் ஆகிறது. கீழ்ப்பாக்கத்தில் காது சோதனைக்குப் போனபோது கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்றாள் அங்கே வேலை செய்த பெண். நான் கேட்காததற்கும் உத்தேசமாக அமுக்கினேன். கதவைத் திறந்துகொண்டு வந்து, "சார், நான் இன்னும் எதுவும் போடவே இல்லயே" என்றாள். சோதனை முடிவுத் தாளை மடித்து ஹெல்மெட் பெட்டிக்குள் வைத்தவன்தான், இன்னும் யாரிடமும் காட்டவில்லை. தியேட்டரில் தெரிந்துபோய்விட்டது, மெதுவாக ஒதுக்கினார்கள், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் நான் காதால் வேலை செய்வதில்லை, கண்ணால் செய்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் சத்தம் பச்சை மலைகளாக வரும், எங்கே மேடு இருக்கிறதோ அங்கே ஏதோ இருக்கிறது. மேட்டை வெட்டி எடுப்பேன், இரைச்சலைக் குறைப்பேன், இன்னும் குறைப்பேன், குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது தண்ணீருக்கு அடியில் யாரோ பேசுவது போல இருக்கும். அதில் பேச்சே கிடையாது, அரித்து எடுத்த பின் தங்கிய சக்கை. ஆனால் திரையில் ஒரு வார்த்தையை எழுதிக் காட்டிவிட்டு இதைக் கேளுங்கள் என்று சொன்னால் பத்துக்கு ஒன்பது பேர் அந்த வார்த்தையைக் கேட்பார்கள். அழுவார்கள். என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொண்ட கைகள் எல்லாமே குளிர்ச்சியாக இருந்தது ஏன் என்று தெரியவில்லை.

"வலி இருந்துச்சா?" இது இரண்டாவது கேள்வி. அரை நிமிடம். வியர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணுக்குள் போகிறது, துடைத்தால் சட்டை உரசும், எரியட்டும். பூந்தமல்லி தாண்டி ஒரு வீட்டிலும் இப்படித்தான் வியர்த்தது. ஏழு வயதுப் பெண் குழந்தை, காய்ச்சலில் போய்விட்டது, அப்பாவும் அம்மாவும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பதிவில் ஒரு சத்தம் இருந்தது. யுவராஜ் கேட்டுவிட்டு, "பசிக்குதுன்னு சொல்லுதுண்ணே" என்றான். அப்படிச் சொன்னதும் எனக்கும் பசிக்குது என்றே கேட்டது, சத்தியமாகக் கேட்டது, உடம்பு சிலிர்த்தது. அந்தத் தாய் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் முழுப் பதிவையும் திரையில் ஓட்டிப் பார்த்தபோது அதே மேடு பதினோரு இடத்தில் இருந்தது, அச்சு அசல், காற்று அடிக்கும்போதெல்லாம். வாசல் கேட்டின் கீல். யுவராஜிடம் சொன்னேன். "விடுங்கண்ணே, அவங்களுக்கு ஒரு ஆறுதல்" என்றான். விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து, அங்கே விட்டுவந்த ஒரு ஒயரை வாங்க அந்த வீட்டுக்குப் போனால், நடுக்கூடத்தில் சின்னத் தட்டு, அதில் பருப்புசாதம், நெய். அந்தத் தாய் தினமும் வைக்கிறாளாம். குழந்தை சாப்பிட்ட பிறகுதான் தான் சாப்பிடுவதாக ஒரு கணக்கு. எலும்பும் தோலுமாக நின்றுகொண்டு என்னைக் கேட்டாள், "அவ தொடவே மாட்டேங்கறாண்ணே. அப்பிடியே இருக்கு. வேற ஏதாவது கேக்கறாளா? இன்னொரு வாட்டி வந்து பாக்கறீங்களா?" ஒயரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டைச் சாத்தும்போது அது பசிக்குது என்றது. அன்றைக்கே இந்தத் தொழிலை விட்டிருக்க வேண்டும், விடுவேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன், அடுத்த சனிக்கிழமை யுவராஜ் வண்டியோடு வந்து வாசலில் ஹாரன் அடித்தான், இறங்கிப் போய் ஏறிக்கொண்டேன், வேறு எங்கே போவது, கேட்பதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும், அதுவும் இப்போது தெரியாது.

பக்கத்து வீட்டில் யாரோ தாளிக்கிறார்கள், சத்தம் எனக்குக் கேட்கவில்லை, வாசனைதான் வருகிறது, கடுகும் கறிவேப்பிலையும். ஜெசிந்தாவும் இந்நேரம் தாளித்துக்கொண்டிருப்பாள். என் மனைவி. முன்பெல்லாம் சமையலறையிலிருந்து கூப்பிடுவாள், "ஏங்க, சாப்பிட வாங்க," பிறகு கொஞ்சம் சத்தமாக, "ஏங்க." பிறகு வந்து தோளைத் தொடுவாள். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், ஒரு வாக்கியம்தானே, உன் புருஷன் மரியசெல்வத்துக்குக் காது போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் சவுண்ட் இன்ஜினீயரைக் கட்டிக்கொண்டேன் என்று சொந்தக்காரர்களிடம் எத்தனை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அலட்சியம் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் சண்டை போட்டாள். அப்புறம் தோளைத் தொடுவதும் நின்றது. இப்போது தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாள், நான் பசிக்கும்போது திறந்து பார்த்துக்கொள்கிறேன். எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள்? என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என்ன நினைத்திருப்பாள்? வேண்டாம், இதை இப்போது நினைக்க வேண்டாம், நினைத்தால் மூச்சு மாறும், மூச்சு மாறினால் பதிவாகும்.

"நீங்க அன்னிக்கு என்னைக் கூப்பிட்டீங்களா?" என்கிறார். ரெக்கார்டரின் சின்னத் திரையில் மணி சரியாகப் பன்னிரண்டே முக்கால். குரல் மாறவே இல்லை, டிரங்க் கால் பேசுகிறவரிடம் நம்பர் கேட்பது போலத்தான் கேட்கிறார், ஆனால் இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்ற கேள்விகள் எல்லாம் என்று புரிந்துவிடுகிறது. போனிலேயே சொன்னதுதான். அன்று அரைத்து முடித்து, குழம்பைக் கொதிக்க வைத்து, அப்பளம் பொரித்து, சாப்பிட வாங்க என்று ஒன்றேகாலுக்கு வந்து எட்டிப் பார்த்தபோது அவருடைய வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, கண் திறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பையன், நல்ல மாதிரியாகத்தான் சொன்னானாம், கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று. உடனே புனேயிலிருந்து வந்த மகன் சொன்னான், மிக்ஸி ஓடியது, அம்மாவுக்கு எப்படிக் கேட்டிருக்கும். மருமகள் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். பதினாறாம் நாள் வரை வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், மிக்ஸி சத்தத்தில் கேட்டிருக்காது. "நானும் அதையேதான் சொன்னேன் தம்பி. நாலு மாசமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார் போனில். "கூப்பிட்டாரா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும்." கூப்பிடவில்லை என்று தெரிந்தால் நிம்மதியா அம்மா, கூப்பிட்டார் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் அம்மா, இதையெல்லாம் நான் கேட்கவில்லை. அரை நிமிடம் முடிகிறது. ஒரு நிமிடம் ஆகிறது. அவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. என் காது விசிலடிக்கிறது. கட்டிலில் சுவரோரத் தலையணை உறை மாற்றியிருக்கிறது, மெத்தையில் மட்டும் அந்த இடம் கொஞ்சம் பள்ளமாக இருக்கிறது. "போதும், நிறுத்துங்க" என்கிறார்.

லேப்டாப்பைத் திறக்கப் போனேன், அது வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். சுத்தம் செய்யாத பதிவு, அப்படியே. கண்ணை மூடிக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது, வலது கை முழங்கைவரை கட்டில் விளிம்பில் படிந்தது, விரல்கள் எதையோ பிடித்திருப்பது போல லேசாக வளைந்தன, முப்பது வருடத்துக்கு முந்தைய எக்ஸ்சேஞ்ச் பெண் அங்கே வந்து உட்கார்ந்தாள். அரை மணிக்கு மேல் கேட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, என்ன சொல்லப் போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். ஏதாவது கேட்டது என்று சொல்லிவிடுவார், எல்லோரும் சொல்வார்கள், என் எச்சிலோ அவருடைய வளையலோ ஒரு வார்த்தையாகிவிடும், அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இவர் இந்த அறையில் தட்டு வைப்பாரோ என்ன வைப்பாரோ. ஹெட்போனைக் கழற்றினார். "உங்களுக்கு மூக்குல சளி இருக்கு," என்றார். "கீழ்வீட்டுல ஒரு குக்கர். குழந்தைக்குப் பாட்டுப் போட்டிருக்காங்க. நடுவுல ஒரு காக்கா. வேற யாரும் லைன்ல இல்ல." எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு லேசாகிவிட்டது. அவர் எழுந்திருப்பார், தண்ணீர் கொடுப்பார், நான் கிளம்பிவிடுவேன் என்று நினைத்தேன். எழுந்தார். "இன்னொரு வேலை இருக்கு தம்பி. அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன். இத நான் முதல்லயே சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டீங்க," என்றார்.

சமையலறை மேடையில் மிக்ஸி இருந்தது, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் துருவிய தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், ஊறவைத்த கடலைப்பருப்பு. நான் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்க வந்தபோதே இருந்தது, சமையலுக்கு என்று நினைத்துக்கொண்டேன். "வெறும் ஜாரை ஓட்டினா சத்தம் வேற மாதிரி இருக்கும். அன்னிக்குப் போட்ட அதே அளவு," என்றார். "நான் இங்க அரைக்கிறேன். நீங்க அங்க போய் அவர் படுத்திருந்த எடத்துல படுத்துக்கிட்டுக் கூப்பிடுங்க. எனக்குக் கேக்குதான்னு பாத்துடலாம். அந்த மெஷினை மிக்ஸி பக்கத்துல வைங்க. என் காது எனக்குச் சாதகமாப் பேசும், அதுக்கு அந்தப் புத்தி கிடையாது." வேண்டாம் அம்மா என்றேன். சொன்னேனா, சொல்ல வாயெடுத்தேனா தெரியவில்லை, அவர் ஜாருக்குள் தேங்காயைக் கொட்டிக்கொண்டிருந்தார். ரெக்கார்டரின் சத்த அளவைக் குறைத்து மேடையில் வைத்தேன். "என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டேன். தண்ணீரை அளந்து ஊற்றிக்கொண்டே, "இந்தா" என்றார். எனக்குப் புரியவில்லை. "'இந்தா'ன்னுதான் கூப்பிடுவார். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ரெண்டு நிமிஷம் ஓடும். எப்பக் கூப்பிடறீங்க, எத்தன வாட்டி கூப்பிடறீங்க, எதையும் எங்கிட்டச் சொல்ல வேண்டாம்."

செருப்பில்லாத காலோடு அந்தக் கட்டிலில் ஏறிச் சுவரோரம் படுத்தேன். மெத்தைப் பள்ளம் என்னை வாங்கிக்கொண்டது, கோதண்டபாணி என்னைவிட உயரம் போல, என் இடுப்பு வேறு இடத்தில் இறங்கியது. தலைக்கு நேரே நின்றுபோன மின்விசிறி, அதன் இறக்கை ஓரமெல்லாம் தூசி. அவர் கடைசியாகப் பார்த்தது இதைத்தான். மிக்ஸி ஓட ஆரம்பித்தது. சுவர் வழியாக, கட்டில் கால் வழியாக, பல்லுக்குள் அதிர்ந்தது. இந்தா என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இது ஒன்று. கொஞ்சம் உரக்க, இந்தா, இரண்டு. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மனிதர் இங்கே படுத்திருந்தபோது கை வராமல் போயிருக்கும், எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் ஒரு பக்கம் முழுக்க வேறு யாருடையதோ ஆகியிருக்கும், பத்தடி தூரத்தில் அவள் நிற்கிறாள், முப்பத்தெட்டு வருடமாகக் கூப்பிட்டதும் வருகிறவள். இந்தா, மூன்று. வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தேன், ஏன் அப்படிச் செய்தேன், இந்த அம்மா அவரைப் போலத்தானே கூப்பிடச் சொன்னார், இந்தா என்பது இன்னா என்று வந்தது, நான்கு. மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை. யாரும் வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும், இது சோதனை என்று தெரியும், ஆனாலும் மனம் நினைத்தது, கூப்பிட்டும் வரவில்லையே, ஏன் வரவில்லை, கோபமா, நான் என்ன செய்தேன். ஜெசிந்தா கதவருகே நின்று என் முதுகைப் பார்த்து இரண்டாவது தடவை கூப்பிடுகிறபோது அவளும் இதையேதான் நினைத்திருப்பாள். இந்தா, ஐந்து. ஆறாவதை முழுத் தொண்டையையும் திறந்து கத்தினேன், ஏழாவது தன்னால் வந்தது, அது கூப்பிடுவது மாதிரியே இல்லை, முனகல். அதற்குமேல் முடியவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மிக்ஸி நின்றபோது வீடு முழுக்க எதுவுமே இல்லாமல் போயிற்று.

அவர் அறை வாசலில் வந்து நின்றார், கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் எழுந்துபோய் ரெக்கார்டரை எடுத்து வந்து முதலில் நானே கேட்டேன். மிக்ஸி. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மிக்ஸி. நடுவில் தேங்காய் நைசாகிற இடத்தில் சத்தம் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். லேப்டாப்பில் போட்டுத் திரையைப் பார்த்தேன், சுவர் மாதிரி ஒரே பச்சைப் பாளம், எங்கேயும் மேடு இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒருவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி ஒன்று இருந்தது, வெட்டாதது, ஒட்டாதது. "அம்மா, ஒண்ணுமே இல்லம்மா," என்றேன். "நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன், ஒரு எழுத்துகூடப் பதிவாகல. உங்களுக்குக் கேட்டிருக்கவே முடியாது. எல்லாரும் சொன்னது உண்மைதான். இனிமே இத மனசுல வெச்சுக்காதீங்க." அவர் கையை நீட்டினார். ஹெட்போனைக் கொடுத்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார், கண்ணை மூடினார். நான் மறுபடி ஓடவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவருடைய ஆள்காட்டி விரல் மடியிலிருந்து லேசாக எழுந்து இறங்கியது. திரையில் ஓடுகிற கோட்டைப் பார்த்தேன், இருபது வினாடி. மறுபடி விரல் எழுந்தது. நான் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு விரலைப் பார்த்தேன். மூன்று. நான்காவதற்கு எழுந்த விரல் கொஞ்சம் தயங்கி, பாதியில் நின்று, இறங்கியது. ஐந்து. ஆறு. கடைசியில் வெகு நேரம் கழித்து, முடியப்போகிற இடத்தில், ஏழு. நான் எத்தனை முறை கூப்பிட்டேன் என்று சொல்லவில்லை, எப்போது என்று சொல்லவில்லை, நான்காவதில் வாயைக் கோணியதைச் சொல்லவே இல்லை. மிக்ஸி நிற்கிற சத்தம் ஹெட்போனுக்கு வெளியே எனக்கே லேசாகக் கேட்டது. அவர் அதைக் கழற்றவில்லை. காதில் மாட்டியபடியே இருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன், கருவி தப்பாகப் பிடித்திருக்கலாம், அன்றைக்கு அவர் இவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டிருக்க மாட்டார், இன்றைக்கு நீங்கள் எதிர்பார்த்துக் கேட்டீர்கள், அன்றைக்கு எதிர்பார்க்கவில்லை, அதனால் இது கணக்கில் வராது. எல்லாமே சொல்லக்கூடியவைதான். பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை இன்னும் போகவில்லை, இந்த வீட்டில் அரைத்த தேங்காயின் வாசனையும் அதோடு சேர்ந்துகொண்டது. கடைசியில் அவரே பேசினார், காதில் ஹெட்போன் இருந்ததால் கொஞ்சம் உரக்கவே பேசினார், லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாருக்கோ தெளிவாக விழ வேண்டும் என்பது போல.

"நீங்க ஏழு. அன்னிக்கு அவர் மூணுதான் கூப்பிட்டார். மூணாவது முழுசா வரல." ஹெட்போன் ஒயரை விரலால் நீவிக்கொண்டார். "தேங்கா இன்னும் நைசாகல, முடிச்சிட்டுப் போலாம்னு நெனச்சேன் தம்பி."